முதல் வரிக்கு முதல் மரியாதை

எங்கள் கோயிலில் பொன்னாடை போர்த்தாமல் ஒரு மாதம் கழிந்தால் ஊரில் ஏதோ துக்கம் என்று அர்த்தம். மின்விசிறி வாங்கிக் கொடுத்தவருக்கு ஒன்று, அதை மாட்டியவருக்கு ஒன்று, மாட்டும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டவருக்கு ஒன்று என்று தாராளமாகப் போர்த்துவோம். போர்த்திக்கொண்டவர்கள் அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் அடுத்த விழாவுக்கு நன்கொடையாகத் திருப்பித் தந்துவிடுவார்கள். எனக்கு ஒரே பொன்னாடையை இரண்டு தடவை போர்த்தியிருக்கிறார்கள். ஓரத்தில் இருந்த சாம்பார்க் கறையை வைத்துக் கண்டுபிடித்தேன். கறை முதல் தடவை நான் பண்ணியதுதான் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. பங்கு என்றால் ஒரு கோயில், ஒரு சாமியார், அவரோடு சண்டை போடுவதற்கு ஒரு பேரவை. அந்தப் பேரவையின் செயலர் நான். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கூட்டக் குறிப்புப் புத்தகம் பல வருடமாக என் கையில்தான் இருந்தது. கூட்டத்தில் யார் என்ன பேசினாலும், நான் எழுதியதுதான் நடந்தது. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. திருச்சபையின் வரலாற்றையும் பழைய ஆவணங்களையும் பாதுகாத்து வருகிறவர்களை ஒவ்வொரு பங்கிலும் கண்டறிந்து கௌரவிக்க வேண்டுமாம். எங்கள் பங்கில் கண்டறிய வேண்டிய அவசியமே இல்லை. அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

தபால் ஆபீசில் கடிதங்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற அம்மா அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்ற மறுநாளே கோயில் அலுவலகத்துக்கு வந்து பழைய மர பீரோவைத் திறந்தவர், பிறகு தினமும் காலை பத்து மணிக்கு வந்து ஒரு மணிக்குப் போவார். சம்பளம் இல்லை. ஞானஸ்நானப் புத்தகங்கள், கல்யாணப் புத்தகங்கள், சாவுப் புத்தகங்கள் எல்லாம் அந்த பீரோவில் இருந்தன. ராமபாணப் பூச்சி வராமல் இருக்க வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து தட்டுத் தட்டாக வைப்பார். வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து, காற்றுப் பட ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார். வெளிநாட்டுச் சாமியார்கள் லத்தீனில் கிறுக்கி வைத்ததைப் படிக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். எல்லோரும் அவரை ரிஜிஸ்டரம்மா என்போம்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தினசரி காலண்டரின் பின்னட்டை ஒன்றில் ஒரே ஒரு வரி தெரிகிற அளவுக்கு நீளமாக ஒரு துளை வெட்டி வைத்திருந்தார். யாராவது சான்றிதழுக்கு வந்தால் புத்தகத்தைத் திறந்து, அந்த அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்து, வந்தவருக்கு உரிய வரியை மட்டும் காட்டுவார். மேல் வரியையும் கீழ் வரியையும் சாமியார் கேட்டால்கூடக் காட்ட மாட்டார். தபால் யார் பேருக்கு வந்ததோ அவர்தான் பிரிக்க வேண்டும் என்பார். ஞானஸ்நானப் புத்தகத்தில் பல சமாச்சாரம் இருக்கும். கல்யாணமாகி ஐந்தாம் மாதம் பிறந்த பிள்ளைகள் இருக்கும். உத்தியோகத்துக்காக வயதைக் குறைத்துக்கொண்டவர்களின் உண்மையான பிறந்த நாள் இருக்கும். பேரவையில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பலபேரின் மானம் அந்த அட்டைக்கு அடியில்தான் பத்திரமாக இருந்தது.

ஆக, ஒரே ஆள். ஒரே பொன்னாடை. அரைமணி நேரத்தில் முடிய வேண்டிய விழா. ஆனால் கூட்டம் போட்டோம்.

பீரோவுக்கு அடிக்க வார்னிஷ் வாங்கித் தந்தவரும் வரலாற்றைப் பாதுகாத்தவர்தானே என்று ஒருவர் கேட்டார். நியாயமாகப் பட்டதால் சேர்த்துக்கொண்டோம். திருவிழாவில் வீடியோ எடுப்பவர், பங்கு வாட்ஸப் குழுவை நடத்துபவர், அலுவலகக் கூரையில் ஓடு மாற்றியவர், பழைய மணியைப் பழைய இரும்புக்குப் போடலாம் என்று சொன்ன போது வேண்டாம் என்று சொன்னவர், எல்லோரும் வந்தார்கள். ஒருவர் தன் வீட்டில் பழைய பைபிள் இருக்கிறது என்றார். படிப்பீர்களா என்று சாமியார் கேட்டதற்கு, படித்தால் கிழிந்துவிடும் என்று பதில் வந்தது. அவரையும் பாதுகாவலராகச் சேர்த்தேன். என் பெயரையும் எழுதிக்கொண்டேன். கூட்டம் முடியும் போது பட்டியலில் முப்பத்தொரு பேர். ரிஜிஸ்டரம்மா பதினான்காவது.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. முப்பத்தொரு பேரில் யாருக்கு முதலில் போர்த்துவது என்ற கேள்வி வந்தது.

எங்கள் சீமையில் முதல் மரியாதை என்பது சாதாரண விஷயமில்லை. தேர் வடத்தை யார் முதலில் தொடுவது என்று கோர்ட்டு வரைக்கும் போன ஊர்கள் சுற்றிலும் உண்டு. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகு நாங்கள் பலதையும் விட்டுவிட்டோம். இதை மட்டும் கையோடு கொண்டு வந்துவிட்டோம். எங்கள் கோயில் திருவிழாவில் புனிதரின் சுரூபத்துக்குப் போட்ட மாலையை முதலில் யாருக்குத் தருவது என்று இரண்டு குடும்பங்களுக்கு இடையே தலைமுறை தலைமுறையாக உரசல். ஒன்று என் குடும்பம். இன்னொன்று கிழக்குத் தெருக் குடும்பம்.

கிழக்குத் தெருக் குடும்பத்தின் பெரியவர் பழம்பொருள் கடை வைத்திருந்தார். இடிக்கிற செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கதவு, தூண், பீங்கான் ஜாடி எல்லாவற்றையும் வாங்கி விற்பவர். கிடைக்காத போது புதிதாகச் செய்தும் விற்பார் என்று பேச்சு. அவருடைய பூட்டனார் சிவகங்கை அரண்மனையில் குதிரைப் படைக்குப் பொறுப்பாக இருந்தவர், அவர்தான் இந்த ஊரில் முதல் கிறிஸ்தவர் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் சொல்வது வேறு. என் பூட்டனார் பெரிய நிலக்காரர், வெள்ளைக்காரச் சாமியாரை வரவேற்றுக் கூட்டிவந்து, கோயில் கட்டப் புளியந்தோப்பையே எழுதிக் கொடுத்தவர். இதைக் கோயில் மலரில் மூன்று பக்கத்துக்கு நானே எழுதியிருக்கிறேன். ஆதாரம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மலரையே காட்டியிருப்பேன்.

பெரியவரும் நானும் மாற்றி மாற்றிப் பேசி, இரண்டு கூட்டம் வீணானது. சாமியார் ஊருக்குப் புதிது, வயதும் குறைவு. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பங்கின் முதல் ஞானஸ்நானப் புத்தகம் பீரோவில் இருக்கிறது, அதில் முதல் வரியில் யாருடைய பூட்டனார் இருக்கிறாரோ அந்தக் குடும்பத்துக்கு முதல் பொன்னாடை, வரலாற்றைக் கௌரவிக்கும் விழாவில் வரலாறே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார். எல்லோரும் கை தட்டினோம். ரிஜிஸ்டரம்மாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். அவர் அப்போதைக்கு வாசிக்க மறுத்துவிட்டார். அவரவர் வரியை அவரவர் முதலில் வந்து பார்க்கட்டும், பார்த்துவிட்டு வாசிக்கச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்கிறேன் என்றார்.

நான் புதன்கிழமை காலையில் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனதாக ஞாபகம்.

அவர் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, முதல் பக்கத்தைத் திறந்து, அட்டையைப் பொருத்தினார். முதல் வரி. எங்கள் குடும்பத்தின் வரிதான். ஓரத்தில் பின்னால் எழுதிய கல்யாணக் குறிப்பு, அதிலிருந்து என் தாத்தாவின் வரி இருக்கும் பக்கம், அங்கிருந்து என் அப்பா என்று சின்னச் சின்னத் துண்டுத் தாளில் குறித்து வைத்திருந்தார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. எனக்கு உடம்பு பூரித்துப்போனது. லத்தீனில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

ஆண் குழந்தை. வயது ஏறக்குறைய இரண்டு. மதுரை போகும் பாதையோரம் கண்டெடுத்தது. பெற்றோர் தெரியவில்லை. ஞானத்தகப்பன், சாமியாரின் சமையல்காரர்.

நிலக்காரர் எங்கே, புளியந்தோப்பு எங்கே என்று நான் அந்த ஒரு வரிக்குள்ளேயே தேடினேன். இரண்டு வயதுப் பிள்ளை தோப்பை எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

"பஞ்ச காலம். இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல" என்றார் ரிஜிஸ்டரம்மா. மேற்கொண்டு எதையோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். பிறகு, "மொத வரி ஒங்களுதுதான். ஞாயித்துக்கெழம வாசிக்கவா, வேணாமா. நீங்க சொல்றதுதான்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் சின்ன மகனுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். திருப்பத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். வேதக்காரர்கள்தான், தினமும் செபமாலை சொல்கிறவர்கள்தான். ஆனாலும் முதல்முதலாக அவர்கள் கேட்டது பூர்வீகம் என்ன என்பது. மலரில் நான் எழுதிய மூன்று பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்திருந்தேன். பெற்றோர் தெரியவில்லை என்றால் அடுத்தபடியாக என்ன தெரியாமல் போகிறது என்பதை எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் தொடங்கியதும், ரிஜிஸ்டரம்மா எழுவதற்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன். முதல் பக்கத்தைப் பார்த்தேன், செல்லரித்துப் போயிருக்கிறது, ஒரு எழுத்தும் படிக்கிற நிலையில் இல்லை என்றேன். பெரியவர் எழுந்து என்னைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரும் அந்த வாரத்தில் வந்து பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் எழுந்தார். ஆமாம், நானும் பார்த்தேன், தொட்டால் தூளாகக் கொட்டுகிறது என்றார். இரண்டாவது வரியில் இருப்பவன் முதல் வரி இல்லாமல் போனதில் சந்தோஷப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

பரம்பரைப் பகையாளிகள் இரண்டு பேர் ஒரே வார்த்தை பேசுவதை எங்கள் பேரவை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? புத்தகத்தைக் கொண்டுவந்து பார்ப்போம் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமியார் ரிஜிஸ்டரம்மாவைப் பார்த்து அப்படியா என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எடுத்துக் காட்டு என்பார்கள். காட்டினால் எங்கள் வரி தெரிந்துவிடும். "நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல சாமி" என்றார்.

பிறகு நடந்ததை நான் தடுத்திருக்கலாம். முதல் பக்கத்தையே கரையானுக்குக் கொடுத்துவிட்டவர் இத்தனை வருடம் எதைப் பாதுகாத்தார் என்று வார்னிஷ்காரர் கேட்டார். தினமும் வந்து உட்கார்ந்தது ஃபேன் காற்றுக்காகவா என்று வாட்ஸப்காரர் கேட்டார். படிக்காத பைபிளைப் பாதுகாத்தவர், பொறுப்பில்லாத ஆளுக்கு மரியாதை செய்தால் வருங்காலத் தலைமுறை என்ன நினைக்கும் என்று வருத்தப்பட்டார். பட்டியலிலிருந்து ரிஜிஸ்டரம்மா பெயரை எடுப்பது என்றும், பீரோச் சாவி இனிமேல் செயலரிடம் இருக்கும் என்றும் முடிவானது. நானே என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: பராமரிப்பில் ஏற்பட்ட கவனக்குறைவினால் முதல் பக்கம் முற்றிலும் சேதமடைந்ததாகப் பேரவை அறிந்து வருந்துகிறது. அவர் சேலை முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

விழா நன்றாக நடந்தது. முதல் மரியாதைப் பிரச்சினையை வயது வரிசை என்று வைத்துத் தீர்த்தோம். முப்பது பேருக்கும் பொன்னாடை, முப்பது பேருக்கும் கேடயம். சிறப்பு விருந்தினர், ஆவணங்களே ஒரு சமூகத்தின் கண்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ரிஜிஸ்டரம்மா உட்கார்ந்திருந்தார். என் பெயரைக் கூப்பிட்ட போதும் கை தட்டினார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கினேன். அதற்கப்புறம் அவர் எங்கள் கோயிலுக்குப் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டு, பஸ் ஏறி வேறு ஊருக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன்.

சாவி என் வீட்டு ஆணியில் தொங்கியது. வெள்ளிக்கிழமைகள் போயின. ஒருவரும் பக்கம் புரட்டவில்லை. மூன்று மாதம் கழித்துப் பெரியவர் தன் பேத்தி கல்யாணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு ஆள் அனுப்பினார். நாலு நாள் காலை பீரோவோடு மல்லுக்கு நின்றேன். எந்தப் புத்தகம் எந்த வருடம் என்பதே பிடிபடவில்லை. எல்லாம் அந்த அம்மாவின் தலைக்குள் இருந்தது. கிடைக்கவில்லை என்று சொல்லப் பெரியவரின் கடைக்குப் போனேன்.

அவர் கடையின் பின்கட்டில், புது மரக் கதவு ஒன்றுக்கு டீத்தூள் டிக்காஷனைத் துணியில் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தார். காய்ந்த பிறகு அதற்கு நூறு வயது ஆகிவிடும். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை. ரிஜிஸ்டரம்மாவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார், ஆனால் எந்த முகத்தோடு போவது என்றார். அந்தப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்ச நேரம் கதவையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனச்சுக்கிறாதீக. அந்தப் பக்கம் நல்லாத்தான இருந்துச்சு. நீங்க ஏன் அரிச்சிருச்சுன்னு சொன்னீக?"

"நீங்க ஏண்ணே ஆமான்னு சொன்னீக?"

அவர் துணியை வாளியில் போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்க வரியில, பெத்தவுக தெரியாதுன்னு போட்டிருக்கு" என்றார்.

எங்கள் வரியிலும் அதுதான் என்றேன் நான். குதிரைப் படையும் புளியந்தோப்பும் அந்தப் பின்கட்டிலேயே ஒழிந்தன. நாங்கள் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. "அப்ப அந்தம்மா..." என்று தொடங்கிய பெரியவர் முடிக்கவில்லை. அவர் நினைத்ததையேதான் நானும் நினைத்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குறைதான் என்று ரிஜிஸ்டரம்மாவுக்குத் தெரியும். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதுக்கா அந்தப் பொம்பளயச் சபையில தல குனிய வச்சீக" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியாரிடம் அனுமதி கேட்டு நான் மைக்கைப் பிடித்தேன். முதல் பக்கம் முழுசாக இருக்கிறது, நான் சொன்னது பொய், என் பூட்டனார் பாதையோரம் கண்டெடுத்த பிள்ளை, ஞானஸ்நானத்தின் போது அவரைத் தூக்கிப் பிடித்தவர் ஒரு சமையல்காரர் என்று சொன்னேன். பெரியவரும் தன் வரியைச் சொன்னார். இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் விழவில்லை. பாதிப் பேர் கறிக்கடையில் கூட்டம் சேர்வதற்குள் போக வேண்டும் என்று அதற்கு முன்பே கிளம்பியிருந்தார்கள். மீதிப் பேரில் ஒருவர், அப்படியானால் போர்த்திய பொன்னாடையைத் திருப்பித் தர வேண்டுமா என்று கவலையோடு கேட்டார். எந்த விஷயம் வெளியே வந்தால் குடி முழுகிவிடும் என்று நான் பயந்தேனோ, அது அவர்கள் செருப்பு மாட்டி முடிக்கும் நேரத்துக்குக்கூடத் தாங்கவில்லை.

திருப்பத்தூர்ச் சம்பந்தம் மட்டும் நின்றுபோனது. நாள் சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மகன் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

குறிப்புப் புத்தகத்தில் பழைய தீர்மானத்தை ரத்து செய்து எழுதினேன். ரிஜிஸ்டரம்மாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு பொன்னாடையும் போர்த்திவிட்டு வரும்படி சாமியார் எங்களிடம் சொன்னார். பெரியவரும் நானும் திங்கட்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனோம். கடையில் இருந்ததிலேயே நல்ல பொன்னாடையாகப் பார்த்து வாங்கியிருந்தோம். வழி நெடுக எப்படி ஆரம்பிப்பது என்று பேசிக்கொண்டு போனோம். பெரியவர் மூத்தவர் என்பதால் அவர் மன்னிப்புக் கேட்பது என்றும், நான் பின்னாலேயே கேட்பது என்றும் முடிவு.

ரிஜிஸ்டரம்மா அடுப்பில் ஏதோ வைத்திருந்தார். உட்காருங்க என்றார். பெரியவர் வாயைத் திறப்பதற்குள் என் கையில் இருந்த சாவியைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். பொன்னாடைப் பையை நீட்டினேன், அதை வாங்கி நாற்காலியில் வைத்தார். அடுப்பை அணைத்தார். கதவைப் பூட்டக்கூட இல்லாமல் தெருவில் இறங்கிக் கோயிலைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் பீரோவைத் திறந்து முதல் புத்தகத்தை எடுத்தார். அவசரத்தில் அட்டையை மறந்துவிட்டார். அப்படித்தான் அந்தப் பக்கத்தை நாங்கள் முழுதாகப் பார்த்தோம். லத்தீன் தெரியாவிட்டாலும் பெற்றோர் தெரியவில்லை என்கிற அந்த இரண்டு சொல் எனக்குப் பாடமாகியிருந்தது. முதல் வரியில் இருந்தது, இரண்டாவது வரியில் இருந்தது, மூன்றாவதில், நான்காவதில், பக்கத்தின் அடிவரை ஒவ்வொரு வரியிலும் இருந்தது. பஞ்சத்தில் பாதையோரம் கிடந்த பிள்ளைகள்தான் எங்கள் பங்கின் முதல் பக்கம் முழுவதும். பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

ரிஜிஸ்டரம்மா வரிகளைப் படிக்கவில்லை. தாளின் மேல் மூலையிலிருந்து விரலை வைத்து, ஓரத்தோடு மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் தடவினார்.

"ரெண்டு பேரும் சேந்து சொன்னீகளா. சாவியும் கையில இல்லையா, வந்து பாக்கவும் முடியல" என்றார், புத்தகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "மூணு மாசமா எனக்கே சந்தேகமாப் போச்சு. நெசமாவே அரிச்சிருச்சோ, நாந்தான் பாக்காம விட்டுட்டனோன்னு."

பெரியவர் என்னைப் பார்த்தார். ஆரம்பிக்க வேண்டியது அவர்தான் என்று பேசி வைத்திருந்தோம். அந்தம்மா பக்கத்தைத் தடவி முடிக்கும் வரைக்கும் இரண்டு கிழவர்களும் அந்த மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தோம்.